ஓ.எல். கணிதமும் எங்கள் பிள்ளைகளும்

(பாடசாலையின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, பழைய மாணவிகள் சங்கம் அக்கரப்பத்தனையில் தரம் 11 மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் நடத்திய கணிதக் கருத்தரங்கின் தொடக்கத்தில், எமது பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குத் தந்திருந்த தலைப்பு ‘வெற்றியின் படிக்கட்டுகள்’. தலைவி அக்காவிடம் அனுமதி கேட்டு அதை மாற்றிக்கொண்டேன். நூற்றாண்டு வருடத்தில் வெற்றியைப் பற்றிப் பேச நிறையப் பேர் வருவார்கள். எனக்குக் கணிதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். அதுவும் பெரிய கணிதம் இல்லை, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் வரும் அந்த இரண்டு வினாத்தாள்களைப் பற்றி.

ஒரு டொக்டர் ஏன் இதைப் பேச வேண்டும் என்று கேட்கலாம். காரணம் சொல்கிறேன். உயர்தரத்துக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் மூன்று திறமைச் சித்தியாக இருக்க வேண்டும், அந்த ஆறுக்குள் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம் என்பது பொதுவான விதி. மற்ற எட்டுப் பாடங்களிலும் நல்லாய்ச் செய்த பிள்ளை, கணிதத்தில் ‘டபிள்யூ’ வந்ததால் வீட்டில் நிற்கிறாள். பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போக நினைத்தவள், தாதியாக வர நினைத்தவள், கிராம உத்தியோகத்தர் வேலைக்கு விண்ணப்பிக்க நினைத்தவள், எல்லோருக்கும் முதலில் வருகிற கடவை இதுதான். அதில் நின்றுவிட்டால் பிறகு என்ன நடக்கும் என்று இங்கிருக்கும் அம்மாமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொழும்பில் ஒரு வீடு, ஒரு கடை, ஒரு ஆடைத் தொழிற்சாலை. அந்த வேலைகளைக் குறைத்துச் சொல்லவில்லை. என் சொந்தத்திலேயே எத்தனையோ பேர் அப்படி உழைத்துத்தான் குடும்பத்தை நிமிர்த்தினார்கள். ஆனால் பதினாறு வயதில் ஒரு பிள்ளை அந்த பஸ்ஸில் ஏறுவது அவளுடைய விருப்பமாக இருக்க வேண்டும், ஐந்து புள்ளி குறைந்ததால் ஏறக்கூடாது.

நோயாளிகளைப் பார்க்கும்போது நான் அடிக்கடி கேட்பேன், ‘எத்தனை வரைக்கும் படித்தீர்கள்?’ என்று. இளம் தாய்மார் பலர் ஒரே மாதிரிப் பதில் சொல்வார்கள்: ‘ஓ.எல். எழுதினேன் மிஸ், கணக்கு மட்டும் போய்விட்டது.’ இந்த ‘கணக்கு மட்டும்’ என்ற சொல்தான் என்னை இன்றைக்கு இங்கே கொண்டுவந்தது.

இதற்குப் பழைய காரணங்கள் இருக்கின்றன. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு வசதி செய்யும் பொறுப்பைத் துரைமாரிடம் கொடுத்தது. 6 வயது முதல் 10 வயது வரைதான், அதுவும் எழுத்தும் கூட்டல் கழித்தலும். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தனியாகத்தான் கிடந்தன. எழுபதுகளில் அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகும், எண்பதுகளில் சுவீடன் உதவியில் ‘சீடா’ கட்டடங்கள் எழும்பிய பிறகும்தான் பல இடங்களில் பாடசாலை என்ற உருவமே வந்தது. கட்டடம் வந்த வேகத்தில் கணித ஆசிரியர்கள் வரவில்லை. ஆகவே ஒரு பிள்ளை தரம் 7இல் ஒரு வருடம் கணித ஆசிரியர் இல்லாமல் இருந்தால், தரம் 11இல் அவளுக்கு இருபடிச் சமன்பாடு விளங்காமல் போவது மூளைக் குறைபாடு அல்ல. இதை ஒரு வைத்தியராகவே சொல்கிறேன்.

எங்கள் ஆட்களுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எங்கள் தோட்டங்களில் ‘கணக்கு’ என்ற சொல்லுக்குப் பஞ்சமா? மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இடத்துக்கே கணக்கு என்றுதான் பெயர். கணக்கப்பிள்ளை இருக்கிறார். என் அம்மா நாலாம் வகுப்போடு நின்றவர். லயத்துச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒவ்வொரு நாளும் பறித்த கொழுந்தைக் கரிக்கோட்டால் குறித்து வைப்பார். ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு. மேல் கிலோவுக்குத் தனிக் கோடு. மாத முடிவில் சம்பளத் துண்டை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, தான் சுவரைப் பார்ப்பார். ஒரு மாதம் பதினொரு கிலோ குறைந்திருந்தது. அம்மா சத்தம் போடவில்லை. நாளையும் கிலோவையும் மனப்பாடமாகச் சொல்லி, எந்த நாளில் விட்டது என்பதையும் சொன்னார். அடுத்த சம்பளத்தில் அது சேர்ந்து வந்தது. பிற்காலத்தில் மீடிறன் அட்டவணையில் நாம் போடும் வரவுக்குறிகளைப் படித்தபோது, இதை எங்கள் அடுப்படியில் பார்த்திருக்கிறேனே என்றுதான் நினைத்தேன்.

கரும்பலகை இருப்பதால் ஒரு கணக்குப் போடுகிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மலையில் 30 பெண்கள் ஒரு நாளில் பறித்த கொழுந்து. 12 முதல் 14 கிலோ வரை 3 பேர். 15 முதல் 17 வரை 7 பேர். 18 முதல் 20 வரை 12 பேர். 21 முதல் 23 வரை 6 பேர். 24 முதல் 26 வரை 2 பேர். இடை என்ன? நடுப்பெறுமானங்கள் 13, 16, 19, 22, 25. எடுகொண்ட இடை 19 என்று வையுங்கள். விலகல்கள் −6, −3, 0, 3, 6. மீடிறனால் பெருக்கினால் −18, −21, 0, 18, 12. கூட்டுத்தொகை −9. அதை 30ஆல் வகுத்தால் −0.3. ஆகவே இடை 18.7 கிலோ.

பரீட்சைக்கு இவ்வளவு போதும், பத்துப் புள்ளியில் பெரும்பகுதி கைக்குள். ஆனால் அம்மாமார் இதைக் கேளுங்கள். அந்த நாளுக்குரிய நிறை 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ‘சராசரி 18.7, எல்லாம் சரிதானே’ என்று ஒருவர் சொல்லலாம். அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். 18க்குக் கீழே பத்துப் பேர் நிற்கிறார்கள். முப்பது பேரில் பத்துப் பேருக்கு அன்றைக்கு அரைப்பேர். சராசரி அவர்களை மறைத்துவிட்டது. இதைக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! சம்பளத் துண்டும் அப்படித்தான். அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் என்றால் உங்களிடம் கழிக்கிற ஈ.பி.எஃப். 8 சதவீதம், அதாவது 108 ரூபாய். தோட்டம் போடவேண்டியது 12 சதவீதம், 162 ரூபாய். ஈ.டி.எஃப். 3 சதவீதம், 40 ரூபாய் 50 சதம். சதவீதப் பாடம் நடக்கும் நாளில் வீட்டிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுங்கள்; பாடம் அரை மணித்தியாலத்தில் விளங்கும்.

சரி, வினாத்தாளுக்கு வருவோம். எதிரே இருப்பது என்ன என்று தெரியாமல்தான் பாதிப் பயம்.

முதலாம் வினாத்தாள் இரண்டு மணித்தியாலம். பகுதி A இல் 25 சிறு வினாக்கள், ஒன்றுக்கு 2 புள்ளி, மொத்தம் 50. பகுதி B இல் 5 வினாக்கள், ஒன்றுக்கு 10 புள்ளி, அதுவும் 50. இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம், அதற்கு மேல் வாசிக்க 10 நிமிடம். அங்கே பகுதி A இல் ஆறில் ஐந்து, பகுதி B இல் ஆறில் ஐந்து, ஆக பத்து வினா, நூறு புள்ளி. இரண்டு தாளின் புள்ளிகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உங்கள் புள்ளி. 35 வந்தால் சாதாரண சித்தி, 50 வந்தால் சீ, 65க்கு பீ, 75க்கு ஏ. எங்கள் காலத்தில் ஏ இல்லை, டீ. ‘எத்தனை டீ?’ என்றுதான் ஊரே கேட்கும். தேயிலைத் தோட்டத்தில் கேட்கிற கேள்வியா அது!

இப்போது பயந்துபோயிருக்கும் பிள்ளைக்கு ஒரு கணக்கு. முதலாம் தாளின் சிறு வினாக்களில் 15 சரி, 30 புள்ளி. பகுதி B இல் ஒவ்வொரு வினாவிலும் முதல் இரண்டு படிகளை மட்டும் செய்து 4 புள்ளிப்படி எடுத்தால் 20. மொத்தம் 50. இரண்டாம் தாளில் அந்த மீடிறன் அட்டவணைக் கணக்கில் 8, வரைபில் 7, அமைப்பில் 5 என்று எடுத்தால் 20. ஐம்பதும் இருபதும் எழுபது, அதில் பாதி 35. பத்து வினாவில் மூன்றைத்தான் தொட்டிருக்கிறீர்கள். இது மலை ஏறுகிற வேலை இல்லை, லயத்திலிருந்து பீலிக்கரைக்குப் போகிற தூரம். கெட்டிக்காரப் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு 35இல் நின்றுவிடாதீர்கள்; உங்களுக்கு விஞ்ஞானப் பிரிவு வேண்டும், உங்களுக்கு வேறு கணக்கு.

இந்த மூன்று வினாக்களை நான் சும்மா சொல்லவில்லை. கடந்தகால வினாத்தாள்களைப் புரட்டிப் பாருங்கள். இருபடிச் சார்பின் வரைபு, கூட்டமாக்கிய மீடிறன் பரம்பலின் இடை, கவராயத்தாலும் நேர்விளிம்பாலும் செய்யும் அமைப்பு ஆகியவை திரும்பத் திரும்ப வரும். மூன்றுக்கும் பெரிய அட்சரகணிதம் தேவையில்லை, கை ஒழுங்கு தேவை. வரைபுக்கு அச்சுகளைச் சரியான அளவிடையில் போட்டு, புள்ளிகளைக் குறித்து, வளையியை ஒரே இழுப்பில் ஒப்பமாக வரைய வேண்டும். அடிமட்டத்தை வைத்துப் புள்ளிக்குப் புள்ளி இணைத்தால் அது பரவளைவு இல்லை, லயத்துக் கூரை. அமைப்பில் வில்களை அழிக்கவே கூடாது. அழகாக இருக்கட்டும் என்று அழிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அழித்தது படம் இல்லை, புள்ளி. கவராயத்தின் திருகாணி தளர்ந்திருந்தால் ஆரை நடுவழியில் மாறும். இருபது ரூபாய்க்குத் திருகாணியை இறுக்குவதைவிட லாபமான டியூசன் உலகத்தில் இல்லை.

படிகளை எழுதுங்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில் புள்ளித்திட்டம் இருக்கிறது, டீச்சர்மாரிடம் கேட்டு ஒருதரம் பாருங்கள். எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று பிரித்திருப்பார்கள். கடைசி விடை பிழைத்தாலும் வந்த வழிக்குப் புள்ளி உண்டு. மனதுக்குள் போட்டு விடையை மட்டும் எழுதினால், விடை பிழைத்தவுடன் கையில் ஒன்றுமில்லை. எங்கள் தொழிலிலும் இதே கதைதான். நோயாளியின் கட்டிலடியில் இருக்கும் அட்டையில் என்ன கொடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்று எழுதாவிட்டால், கொடுத்ததாகவே கணக்கில்லை.

எனக்குத் தெரிந்த படிப்பு முறை ஒன்றைச் சொல்கிறேன். இது வாட்டில் நாங்கள் செய்கிறதுதான். காய்ச்சல் என்று வருகிறவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பதில்லை. காய்ச்சல் எதனால் என்று பார்ப்போம். கணிதத்தில் 28 எடுத்த பிள்ளைக்கு மட்டும் ‘இன்னும் நல்லாய்ப் படி’ என்று சொல்லி அனுப்புகிறோம். எதைப் படிப்பாள்? ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, நேரம் பார்க்காமல் செய்யுங்கள். பிறகு புள்ளியைக் கூட்டவே வேண்டாம். போன ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். பாடமே தெரியாது என்றால் ‘தெ’. தெரியும், கூட்டல் கழித்தலில் பிழைத்தது என்றால் ‘க’. கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை என்றால் ‘வா’. இப்படி மூன்று தாள் செய்தால் உங்கள் நோய் எது என்று தெரிந்துவிடும். நான் பார்த்துக்கொடுத்த பிள்ளைகளின் தாள்களில் ‘தெ’ எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ‘க’தான் நிறைய. பின்னத்தைக் கூட்டத் தெரியாது, மறைக் குறியை அடைப்புக்குள்ளிருந்து வெளியே கொண்டுவரத் தெரியாது. இவை தரம் 7, தரம் 8 நோய்கள். அவற்றுக்குத் தரம் 11 புத்தகத்தில் மருந்தில்லை. தம்பி தங்கச்சியின் புத்தகத்தை எடுத்து இரண்டு கிழமை அதையே செய்யுங்கள். வெட்கப்பட என்ன இருக்கிறது? கணிப்பொறியும் கொண்டுபோக முடியாத பரீட்சை இது. மண்டபத்தில் உங்களோடு வருவது மடக்கை அட்டவணையும் உங்கள் கையும்தான்.

‘வா’வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புதிதாக வந்த நோய். இப்போது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டுக் கணித வீடியோக்களைப் பார்க்கிறார்கள். நல்ல ஆசிரியர்கள், அருமையாக விளங்கப்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே ‘ஆரம்’ என்பது இங்கே ஆரை. அங்கே ‘கணம்’, இங்கே தொடை. அங்கே ‘அணி’, இங்கே தாயம். அங்கே ‘தொடுகோடு’, இங்கே தொடலி. அங்கே ‘கர்ணம்’, இங்கே செம்பக்கம். ‘சாய்வு’ என்று கேட்டுப் பழகிய பிள்ளை வினாத்தாளில் ‘படித்திறன்’ என்று கண்டவுடன், இது படிக்காத பாடம் என்று நினைத்து அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறாள். பாடம் தெரியும், பெயர் தெரியாது. ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிசை போட்டு எழுதி வையுங்கள். எங்கள் வினாத்தாள் எந்தச் சொல்லில் பேசுகிறதோ அந்தச் சொல்லைத்தான் வாய் பழக வேண்டும். ‘சுட்டெண்’ என்றால் உங்கள் பரீட்சை இலக்கமும் அதுதான், அடுக்கிலே ஏறி உட்கார்ந்திருக்கும் எண்ணைச் சொல்லவும் அதே சொல்லைப் பாவிக்கிறோம் என்று எங்கள் டீச்சர் சிரித்துக்கொண்டே சொல்வார். அன்றிலிருந்து எனக்கு அது மறக்கவில்லை.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டாம் தாளில் 180 நிமிடத்துக்குப் பத்து வினா, ஒன்றுக்கு 18 நிமிடம். பதினெட்டு முடிந்தால் பேனையை எடுத்து அடுத்த வினாவுக்குப் போங்கள். வாசிக்கத் தரும் பத்து நிமிடத்தில் எந்தப் பத்து வினா, எதில் தொடங்குவது என்று முடிவு செய்யுங்கள். தெரிந்ததில் தொடங்குங்கள்.

இந்தப் படிப்பு ஓ.எல். முடிந்ததோடு போய்விடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. போன கிழமை ஒரு தாய் 12 கிலோ நிறையுள்ள பிள்ளையைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார். பரசிற்றமோல் பாணி ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பன்னிரண்டைப் பதினைந்தால் பெருக்கினால் 180. போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. 180ஐ 120ஆல் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 7.5 மில்லிலீற்றர். நேர்விகிதசமன், தரம் 9 பாடம். அந்தத் தாய் ‘கணக்கு மட்டும் போன’ ஒருவர்தான். நான் சொல்லச் சொல்ல அவரே விரலை மடித்துக் கணக்குப் போட்டு, ‘ஏழரையா மிஸ்?’ என்று எனக்கு முந்திச் சொன்னார். தெரியாதவரா அவர்?

இனி உடம்பு. இதைச் சொல்லாமல் போனால் என்னை அழைத்ததில் பிரயோசனமில்லை. எங்கள் பெண் பிள்ளைகள் பலருக்கு இரத்தச்சோகை. படிக்க உட்கார்ந்தவுடன் தூக்கம், தலைச்சுற்று, எரிச்சல். வீட்டில் ‘சோம்பேறி’ என்று திட்டுகிறோம். பாடசாலையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் கறுப்பாக வயிற்றால் போகிறது என்று வெளியே எறியாதீர்கள், அது அப்படித்தான் போகும். சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்காதீர்கள். தேயிலை விளைகிற இடத்தில் நின்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்: சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரையோடு கொஞ்சம் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுங்கள்.

தூக்கத்தை வெட்டாதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிப் படித்தால் ஏறும் என்று சொல்வார்கள். பத்துக்குப் படுத்து ஐந்துக்கு எழும்பினால் ஏறுவதைவிட அதிகமாக ஏறாது. இந்தக் குளிரில் மூன்று மணிக்கு எழும்புகிற பிள்ளை பாதி நேரம் போர்வைக்குள்தான் படிக்கிறது. பரீட்சைக் கிழமையில் மாதவிடாய் வருமே என்று பயந்து, கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். வலி அதிகமாக இருக்கிறவர்கள் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே வைத்தியசாலைக்கு வாருங்கள், அம்மாவோடு வாருங்கள். இது வெட்கப்படுகிற விஷயமல்ல. சபையில் ஆண்கள் இருக்கிறார்கள் என்பதற்காக நான் இதை விடப்போவதுமில்லை, அவர்களும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தானே.

அப்பாமாரே, அம்மாமாரே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டியூசன் காசு கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், ஏழிலிருந்து எட்டு வரை என்று வையுங்களேன், அந்த நேரத்தில் இந்தப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள், தண்ணி எடுக்கச் சொல்லாதீர்கள், தம்பியைத் தூக்கச் சொல்லாதீர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் தனி அறை கிடையாது என்று எனக்குத் தெரியும், நானும் அங்கேதான் படித்தேன். தொலைக்காட்சியை அந்த ஒரு மணித்தியாலம் நிறுத்தினால் அதுவே தனி அறை. மகனுக்கு அந்த ஒரு மணித்தியாலம் கேட்காமலே கிடைக்கிறது. மகளுக்குத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பரீட்சை நாளையும் இப்போதே யோசியுங்கள். டயகமப் பக்கமிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். மழை, மூடுபனி, மண்சரிவு எல்லாம் எங்கள் பாதையில் புதிதல்ல. கணிதப் பரீட்சைக்கு முதல் நாள் மண்டபத்துக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டில் தங்க முடியுமானால் தங்குங்கள். முடியாத பிள்ளைகளின் பெயரை இன்றே சங்கத்திடம் கொடுங்கள்.

ஒருதரம் தவறினால்? திரும்ப எழுதலாம். பாடசாலையை விட்ட பிறகும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். என்னோடு வேலை செய்த ஒரு தாதி கணிதத்தை மூன்றாம் தரம்தான் சித்தியடைந்தவர். இன்றைக்கு நூறு கட்டில் வாட்டில் மருந்துக் கணக்கை அவரிடம் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிடப் போவேன். அவருடைய வீட்டில் இரண்டாம் தரம் போனபோதே கலியாணப் பேச்சை எடுத்துவிட்டார்கள். அம்மம்மா ஒருவர்தான் ‘இன்னும் ஒருதரம் எழுதட்டும்’ என்று சொன்னாராம். ஒரு ஆள் போதும் போலிருக்கிறது.

கடைசியாக, இந்த மலரைக் கனடாவிலும் லண்டனிலும் கொழும்பிலும் கண்டியிலும் இருந்து வாசிக்கப்போகும் பழைய மாணவிகளுக்கு. நூற்றாண்டு ஞாபகமாக வளைவு கட்டுவோமா, சிலை வைப்போமா என்று கூட்டங்களில் பேசிக்கொண்டிருக்கிறோம். கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் வளைவுக்கு முன்னால் மூன்று விஷயம் செய்ய முடியுமா என்று பாருங்கள். தரம் 11 பிள்ளை ஒவ்வொருத்திக்கும் நல்ல கவராயப் பெட்டி ஒன்று. பத்து வருட வினாத்தாள்களும் புள்ளித்திட்டமும் சேர்ந்த ஒரு தொகுப்பு, எங்கள் சொற்பட்டியலோடு. சனிக்கிழமைகளில் வந்து படிப்பிக்கும் ஆசிரியருக்குப் போக்குவரத்துச் செலவும் ஒரு சிறு கொடுப்பனவும். வெளிநாட்டிலிருக்கும் கணிதம் தெரிந்த அக்காமார், கிழமைக்கு ஒரு பிள்ளையின் மூன்று தாளைத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அந்த ‘தெ’, ‘க’, ‘வா’ குறித்துத் திருப்பி அனுப்பலாம். அதற்குக் காசுகூட வேண்டாம், அரை மணித்தியாலம் போதும். பெயர் தருகிறவர்கள் செயலாளரிடம் தாருங்கள். நான் ஆறு பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளே, டீச்சர் இப்போது பின்னங்களில் இருந்து தொடங்கப் போகிறார். அதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு இறங்குகிறேன். ஒரு நோயாளிக்கு 500 மில்லிலீற்றர் சேலைன் 6 மணித்தியாலத்தில் போய்ச் சேர வேண்டும். குழாயில் 20 துளி ஒரு மில்லிலீற்றர். நிமிடத்துக்கு எத்தனை துளி விட வேண்டும்? முழுவெண்ணுக்கு மட்டந்தட்டுங்கள். படிகளோடு எழுதிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வாருங்கள், நான் வந்து பார்க்கிறேன்.